நரையைக் கறுப்பாக்கும் சீன வேர்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மருந்துக் கடையில் உட்காருகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். கோடை விடுமுறையில் கல்யாணம், சாந்தி, படைப்பு என்று சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து போவார்கள். போன கையோடு, நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துப் போட்ட புட்டிகள் கடை மேசைக்கு வர ஆரம்பிக்கும். கோடாலித் தைலம் என்றால் கேள்வி கேட்க யாரும் வர மாட்டார்கள். சிவப்பும் பொன்னுமாக அட்டை, உள்ளே கறுப்பு மாத்திரையோ கெட்டியான கறுப்பு டானிக்கோ இருந்தால்தான் வருவார்கள். "தம்பி, இது முடி கறுக்கிறதுக்காம். பினாங்கிலேருந்து கொழுந்தியா குடுத்துட்டுப் போனா. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்தப் புட்டியில் பெரும்பாலும் இருப்பது ஹோ ஷௌ வூ என்கிற வேர்க்கிழங்கு. முன்னாடியா பின்னாடியா என்று பார்ப்பதற்கு முன்னால் நாம் சாப்பிடலாமா, கூடாதா என்று பார்க்க வேண்டிய சரக்கு இது. இப்போது இணையக் கடைகளில் 'முடி வளர்ச்சி' மாத்திரைகளுக்குள்ளும் இது வருகிறது. அதனால் அயலூரில் சொந்தம் இல்லாதவர்கள் வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

இது ஒரு கொடி. சீனாவின் மத்திய, தென் பகுதிகளில் வேலியிலும் பாறை இடுக்கிலும் படரும். இதய வடிவ இலை, கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. மண்ணுக்கடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலப் பருத்த வேர். தாவர இயலில் பாலிகோனம் மல்டிஃப்ளோரம் என்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் ரேவல்சின்னிக் கிழங்கு இதே குடும்பத்துச் செடிதான். அது பேதிக்குக் கொடுக்கும் சரக்கு என்பது பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் குணத்தில் ஒரு பங்கு இதற்கும் உண்டு.

காய்ந்த வில்லையாகக் கிடைத்தால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்தோல் செம்பழுப்பாகச் சுருங்கியிருக்கும். வெட்டுமுகம் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள், மாவுத்தன்மை. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றித் தோலோரமாகச் சிறுசிறு வட்டங்கள் மேகம் திரண்டதுபோல ஒட்டி நிற்கும். சீன வியாபாரிகள் அசல் சரக்கை அடையாளம் காண்பது இந்த மேகக் கோலத்தை வைத்துத்தான். அவித்துக் காயவைத்துப் பக்குவம் செய்த வில்லை கறுத்து, கெட்டியாக, உடைத்த இடத்தில் கொம்பு போல மினுங்கும். பொடியாக அரைத்துக் குப்பியில் அடைத்துவிட்டால் இந்தச் சோதனைக்கெல்லாம் வழியில்லை. பொடி வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

சீனத்துச் சரக்கு என்பதற்காகவே முகம் சுளிக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற பறங்கிப்பட்டையும் கிழக்கிலிருந்து கப்பலேறி வந்த வேர்தான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை. பினாங்கு, சைகோன் கடைத்தெருக்களில் நம்மவர்களின் கிட்டங்கியும் (தங்கித் தொழில் நடத்திய இடம்) சீன மருந்துக்கடையும் பக்கம் பக்கமாக இருந்த காலம் உண்டு. ஆனால் பறங்கிப்பட்டையை நம் வைத்தியர்கள் சுத்தி செய்து (நஞ்சு நீக்கி), அளவு பார்த்து, பத்தியம் வகுத்துப் பல தலைமுறையாகக் கையாண்டிருக்கிறார்கள். ஹோ ஷௌ வூவுக்கு நம்மிடம் அந்தப் பழக்கம் கிடையாது. மத்திய அரசின் ஆயுஷ் துறைக்குள் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி, திபெத்திய சோவா ரிக்பாகூட உண்டு. சீன மூலிகை மருத்துவம் இல்லை. ஆகவே உங்கள் ஊர்ச் சித்த வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும், அவர் படித்த பாடத்தில் இந்த வேர் இல்லை. மருந்துக் கடைக்காரர் படித்ததிலும் இல்லை.

கதை எங்கே தொடங்கியது

தாங் வம்சக் காலத்தில், 9ஆம் நூற்றாண்டு வாக்கில், லீ ஆவ் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ஹோ என்ற குடும்பப் பெயர்கொண்ட ஒருவர் பிறவியிலேயே நோஞ்சான். 58 வயதாகியும் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஒருநாள் குடித்துவிட்டு மலையில் விழுந்து கிடந்தபோது, தள்ளித் தள்ளி நின்ற இரண்டு கொடிகள் தாமாகவே ஒன்றோடொன்று பின்னிப் பிரிவதைப் பார்த்தாராம். வேரைத் தோண்டிப் பொடித்துச் சாப்பிட்டார். உடம்பு தேறியது, பிள்ளைகள் பிறந்தன. அவர் பேரன் பெயர் ஷௌவூ. அந்தப் பேரனும் வேரைச் சாப்பிட்டு 130 வயது வரை முடி கறுப்பாகவே வாழ்ந்தான் என்று கதை முடிகிறது. வேருக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

கதையாகக் கேட்கச் சுகம். புட்டி மேல் 'ஆயிரம் ஆண்டு ஆதாரம்' என்று போடுவது பெரும்பாலும் இந்தக் கதையை நம்பித்தான்.

சீன வைத்தியர்கள் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒரே செடி என்றாலும் மருந்து வேறு. பச்சையாகக் காயவைத்தது மலச்சிக்கலுக்கும், கட்டி, புண், அரிப்புக்கும். இதில் எமோடின் முதலான ஆந்த்ரகுவினோன்கள் இருக்கின்றன. நிலவாகையில் பேதியை உண்டாக்குவதும் இந்த இனத்துச் சரக்குதான். இன்னொரு வகை, வில்லைகளைக் கறுப்பு சோயாப் பயறு வேகவைத்த சாற்றில் ஊறவைத்து, நீண்ட நேரம் ஆவியில் அவித்து, காயவைத்தது. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் போட வேண்டும் என்பது பழைய முறை. இதைத்தான் நரை, இடுப்புவலி, முழங்கால் தளர்ச்சி, காதிரைச்சல், களைப்பு என்று முதுமையோடு வருகிற எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். கொடியின் தண்டு தனி, அது தூக்கத்துக்கு. சுத்தி செய்யாத சேராங்கொட்டையை எந்தச் சித்த வைத்தியரும் கையால் தொட்டுக் கொடுக்க மாட்டார். அந்த அளவுக்கு முக்கியமான வித்தியாசம் இது. ஆனால் வெளிநாட்டு மாத்திரைகள் பலவற்றின் சீட்டில் பச்சையா, பக்குவம் செய்ததா என்ற தகவலே இருக்காது.

சீன அரசின் மருந்து நூலில் அளவு தெளிவாக இருக்கிறது. பச்சை வேர் நாளைக்கு 3 முதல் 6 கிராம். பக்குவம் செய்தது 6 முதல் 12 கிராம். இது கஷாயத்துக்கான வேரின் எடை. வைத்தியர் நாடி பார்த்து, வேறு மூலிகைகளோடு சேர்த்து எழுதிக் கொடுக்கும் கணக்கு. சத்துக்களை மட்டும் பிழிந்தெடுத்த மாத்திரைக்கு இந்தக் கிராம் கணக்கை அப்படியே போட முடியாது.

"கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பலப்படுத்தும்"

அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும். இதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள்.

சீன மருத்துவத்தில் 'சிறுநீரகம்' என்றால் நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறவி வலு, இனவிருத்தி, எலும்பு, கேட்கும் திறன், தலைமுடி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. முடி அந்தச் 'சிறுநீரகத்தின்' பூ என்பது அவர்கள் கொள்கை. ஆகவே முடி நரைத்தால் சிறுநீரகச் சத்து குறைந்துவிட்டது என்று பொருள் கொண்டு இந்த வேரைக் கொடுக்கிறார்கள். 'கல்லீரல்' என்பதும் அப்படியே, ரத்தத்தைச் சேமிக்கிற ஒரு தத்துவம். நம் வாதம், பித்தம், கபத்தை வெள்ளைக்காரன் வெறும் காற்று, பித்தநீர், சளி என்று புரிந்துகொண்டால் என்ன குழப்பம் வருமோ அதே குழப்பம்தான் இங்கும்.

குழப்பத்தோடு நின்றால் பரவாயில்லை. சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன ஐயா ஒருவர், அல்லது கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிய ஒருவர், இந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? நமக்கென்றே செய்த மருந்து என்று நினைப்பார். உண்மையில் இந்த வேரிலிருந்து கட்டாயம் விலகி நிற்க வேண்டிய ஆட்களில் முதல் வரிசை, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள்தான்.

முடி கறுக்குமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். நரைத்த முடியை இது கறுப்பாக்கும் என்று மனிதர்களிடம் நம்பகமாக நிரூபித்த பெரிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. சோதனைக்கூடத்தில் செல்களிலும் எலிகளிலும் நடந்த ஆய்வுகள் உண்டு. இந்த வேரிலுள்ள ஸ்டில்பீன் வகைப் பொருளொன்று நிறமி உண்டாவதைத் தூண்டுகிறது என்று அவற்றில் சில காட்டுகின்றன. எலியின் முதுகு ரோமத்திலிருந்து காரைக்குடிக்காரர் தலைக்கு வர இடையில் நிறைய தூரம் இருக்கிறது.

முடி ஏன் நரைக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் புரியும். ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் நிறமி செய்யும் மெலனோசைட் செல்கள் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஈடுகட்ட, கொஞ்சம் மேலே ஒரு சேமிப்பில் மூலச்செல்கள் காத்திருக்கும். அந்தச் சேமிப்பு தீர்ந்துபோன மயிர்க்காலில் இனி வளரும் முடி வெள்ளைதான். எந்த வயதில் தீரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை முடிவு செய்கிறது. உங்கள் அப்பச்சிக்கு முப்பதில் நரைத்திருந்தால் உங்களுக்கும் அப்படியே ஆக வாய்ப்பு அதிகம். கவலையில் நரைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் சங்கதி இருக்கிறது. கடும் மன அழுத்தத்தில் நரம்புகள் இந்தச் சேமிப்பைக் கரைத்துவிடுவதை 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். கரைந்த சேமிப்பை எந்த வேர் திருப்பி நிரப்பும் என்பதற்குத்தான் சான்று வேண்டும். அது கையில் இல்லை.

"எனக்கு நல்லா கறுத்துச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்துக்குறைவால் வந்த நரையாக இருந்து, அதே சமயம் சாப்பாடு தேறியிருந்தால் சிலருக்கு நிறம் திரும்புவது உண்டு. அந்தப் புண்ணியம் புட்டிக்குப் போய்விடும்.

கல்லீரலில் என்ன நடக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்த வேரைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஹெபடைடிஸ் போலவே கல்லீரல் வீங்கி, மஞ்சள் காமாலை வருகிறது. வைரஸ் எதுவும் இருக்காது, குடிப்பழக்கமும் இருக்காது. 2006இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. சரி, வெள்ளைக்காரர்களுக்கு நாட்டு மருந்தென்றால் ஆகாது என்று ஒதுக்கிவிடலாமா? 2014இல் சீன அரசே இறங்கிவந்தது. உடல்நலத் தயாரிப்புகளில் பச்சை வேர் நாளைக்கு 1.5 கிராமுக்கு மேல் கூடாது, பக்குவம் செய்தது 3 கிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பைக் குறைத்தது. மருந்து நூலின் உச்ச அளவோடு ஒப்பிட்டால் அது நாலில் ஒரு பங்கு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், குடும்பத்தில் கல்லீரல் நோய் உள்ளவர்களும் சாப்பிட வேண்டாம் என்று சீட்டில் அச்சடிக்கவும் உத்தரவிட்டது. நீண்டநாள் சாப்பிடாதீர்கள், கல்லீரலைப் பாதிக்கும் மற்ற மருந்துகளோடு சேர்க்காதீர்கள், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதும் அந்த எச்சரிக்கையில் அடக்கம். வேர் விளைகிற ஊரிலேயே இப்படி எழுதி ஒட்டியிருக்கும்போது, நம் கைக்கு வரும் புட்டியில் 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது' என்று இருந்தால் அந்த வியாபாரியை என்னவென்று சொல்ல.

பச்சை வேரில் ஆபத்து கூடுதல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் பக்குவம் செய்ததைச் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே 'ஒன்பது முறை அவித்தது' என்ற உத்தரவாதம் முழுப் பாதுகாப்பு ஆகாது.

பத்துப் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல், பதினோராவது ஆளுக்கு மட்டும் கண் மஞ்சளாவது ஏன்? இதற்கு ஒரு நல்ல துப்பு 2019இல் சீன ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. நம் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. செல்லுக்குள் கிடப்பதைத் தூக்கி, 'இது நம்முடையதா, அந்நியமா பார்' என்று தடுப்பாற்றல் செல்களுக்குக் காட்டுவது அவற்றின் வேலை. இவை ஆளுக்கு ஆள் மாறும். இந்த வேரால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் 45 சதவீதத்தினரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரு குறிப்பிட்ட வகை இருந்தது. சீனாவின் பொது மக்களிடம் அது 3 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, பலருக்கும் சும்மா போகிற சரக்கை, இந்த மரபணு உள்ளவர்களின் உடம்பு எதிரியாகப் பார்த்துக் கல்லீரலையே தாக்கத் தொடங்குகிறது போலிருக்கிறது. உடல் மெலியச் சாப்பிடும் கிரீன் டீ சாற்று மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களிடமும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே மரபணு வகையைக் கண்டார்கள். முடிக்கு ஒன்று, எடைக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் துப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. "மச்சினி ரெண்டு வருசமா சாப்பிடுறா, அவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது உங்களுக்குச் சான்றாகாது. அவள் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. அளவாகச் சாப்பிட்டால் போதும் என்பதும் இங்கே முழுசாகப் பொருந்தாது. குறைந்த அளவிலேயே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த மரபணு பரிசோதனை நம் ஊர் லேபில் சாதாரணமாகச் செய்கிற ஒன்றும் இல்லை.

இது சீன வேருக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைத் தினம் காய்ச்சிக் குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, வேறு கொடியாக இருக்கலாம் என்று மறுத்தது. வாதம் எப்படிப் போனாலும், வேர், கொடி, பட்டை எதுவானாலும் கல்லீரல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

எப்படித் தெரியும்

பெரும்பாலும் சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களில் தெரியும், சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். முதலில் காரணமில்லாத அசதி. பிறகு சோறு இறங்காது, குமட்டும். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். உடம்பெல்லாம் அரிக்கும். கடைசியில்தான் கண் மஞ்சளாகும்.

இதில் எது வந்தாலும் அன்றைக்கே புட்டியை நிறுத்துங்கள். அடுத்து, கீழாநெல்லி அரைத்துக் குடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். நம் பக்கம் மஞ்சள் காமாலை என்றாலே கால் அந்தத் திசையில்தான் போகும். பத்து நாள் அதில் கழியும். அந்தப் பத்து நாளில் டாக்டர் கையில் இருந்திருக்க வேண்டிய ரிப்போர்ட் ஒன்று உண்டு: எல்.எஃப்.டி. எனும் கல்லீரல் பரிசோதனை. அதில் கல்லீரல் செல் சிதைவைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. இயல்பான உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல், கூடவே மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினும் இரண்டு மடங்குக்கு மேல் என்றால், மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பில் அது அபாயக் கோடு. அந்த நிலையை எட்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து, அல்லது கல்லீரல் மாற்று தேவைப்படலாம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு.

டாக்டரிடம் போகும்போது புட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்கும்போது நம் ஆட்கள் "இல்லை" என்பார்கள். சத்து டானிக் மருந்துக் கணக்கில் வராது என்ற நினைப்பு. நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கல்லீரல் சரியாகிவிடுகிறது. தேறிவிட்டோமே என்று மறுபடி ஆரம்பித்தவர்களுக்குத் திரும்ப வந்திருக்கிறது. ஒரு தடவை பட்டவர் வாழ்நாளில் இதைத் தொடவே கூடாது.

யார் தொடக்கூடாது

கல்லீரல் கொழுப்பு, ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்கள், தினம் குடிப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் ஏற்கெனவே கல்லீரலுக்குப் பாரம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்களுக்கும் இதே சொல்தான். கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் தள்ளி நில்லுங்கள். பச்சை வேர் பேதியாக்கினால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும். இதயத்துக்கு டிகாக்ஸின் எடுப்பவருக்கு அது விபரீதமாக முடியலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள் யாருக்கும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இந்த வேருக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போன்ற குணம் இருப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன.

சீட்டில் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கும்

ஹோ ஷௌ வூ, ஹே ஷௌ வூ, ஷௌ வூ பியான், ஷௌ வூ சிஹ், ஃபோ-டி, பாலிகோனம் மல்டிஃப்ளோரம், ஃபல்லோபியா மல்டிஃப்ளோரா, ரெய்னௌட்ரியா மல்டிஃப்ளோரா. எந்தப் பெயரானாலும் உள்ளே இந்த வேர் உண்டு. ஃபோ-டி என்பது அமெரிக்க வியாபாரிகள் சூட்டிய பெயர், அங்கிருந்து வரும் முடி மாத்திரைகளில் அதுதான் இருக்கும். பயோட்டின், துத்தநாகம், இன்னும் பதினைந்து சரக்கு என்று நீளும் பட்டியலில் இந்தப் பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 'தனியுரிமைக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று மறைத்திருந்தால் வாங்காதீர்கள்.

இந்தியாவில் முறையாக இறக்குமதியான உணவுத் துணைப்பொருளின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். சொந்தக்காரர் பெட்டியில் வந்த புட்டியில் அது இருக்காது. சிங்கப்பூரில் வாங்கியதென்றால் ஒரு ஆறுதல் உண்டு. அங்கே தயார்நிலைச் சீன மருந்துகள் அரசின் பட்டியலில் பதிவாக வேண்டும், ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு உச்சவரம்பும் உண்டு. மலேசியாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண், பாரம்பரிய மருந்தானால் கடைசியில் டி எழுத்து. இந்த எண்ணெல்லாம் புட்டிக்குள் கலப்படம் இல்லை என்பதற்கு ஓரளவு துணை. அசல் வேரே உங்கள் கல்லீரலுக்கு ஆகாது என்றால் எண் என்ன செய்யும்?

அவ்வளவு தூரம் கேட்டும் சாப்பிட்டுத்தான் பார்ப்பேன் என்பவருக்கு: சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள். அங்கே போகும்போது அப்படி ஒருவரை நேரில் பார்த்து, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் காட்டிக் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு எல்.எஃப்.டி., சில வாரங்களில் மறுபடி ஒன்று. பக்குவம் செய்தது மட்டும். சீன அரசு வைத்த வரம்புக்குள். கூடவே வேறு மூலிகை மாத்திரை கிடையாது. இவ்வளவு செய்தும் முடி கறுக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், வெள்ளை முடிக்காக இத்தனை சோதனை தேவையில்லை.

அப்படியானால் நரைக்கு?

25 வயதுக்கு முன்பே நரைத்தால் அதை இளநரை என்று ஆசியர்களுக்கு மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது புட்டி வாங்கும் காசுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாம். வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச்சத்து மூன்றும் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிற வீடுகளில் பி12 குறைவது சகஜம். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் குறையும், அவர்கள் எந்த வயதானாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. குறைவைச் சரிசெய்தால் சிலருக்கு முடி நிறம் திரும்புகிறது. முடி திரும்பாவிட்டாலும், பி12 குறைவால் கை கால் மரத்துப்போவது இருந்தால் அது குறையலாம். புகை பிடிப்பவர்களுக்கு நரை சீக்கிரம் வருவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையும் கழுத்துமாகப் போட்டோவில் நிற்கும்போது தலை கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஐயாக்களுக்குச் சாயமே போதும். உள்ளுக்குச் சாப்பிடும் வேரைவிட வெளியே பூசும் சாயத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. பெரும்பாலான கறுப்புச் சாயங்களில், 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும்கூட, பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும், அதுதான் சிலருக்கு நெற்றியும் இமையும் வீங்கக் காரணம். முன்பு பத்து தடவை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் பதினோராம் தடவை வரலாம். அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி போடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது, பி.பி.டி. இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.